இரண்டுக்கும் ஒரு ஸ்கோப்

வைலே என்கிற டெனிஷ் நகரில் வேட்டைத் துவக்குக் கடை வைத்திருக்கும் லார்ஸ் மிகவும் பொறுமையான மனிதர். இரண்டு வாரங்களுக்கு முன் அந்தப் பொறுமை முடிந்துபோனது.

நான் உள்ளே போனால் முதலில் கோப்பி ஊற்றித் தருகிறவர், அன்று கேத்தல் பக்கமே திரும்பவில்லை. துவக்கின் மேல் பூட்டிக் குறிபார்க்கும் ஸ்கோப்புகள் இரண்டை மேசையில் எடுத்து வைத்தார். இது வேட்டைக்கு, இது தூரத்து இலக்குக்கு, இரண்டையும் பல தடவை விளக்கிவிட்டேன், எதை எடுக்கப் போகிறாய் என்று கேட்டார். குரல் உயரவில்லை. மரியாதை குறையவில்லை. ஆனால் கோப்பி இல்லை... இந்த நாட்டில் அதற்கு மேல் ஒரு கண்டனம் கிடையாது.

இரண்டுக்கும் உதவுகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று இழுத்தேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும் – ஓய்வு பெற்ற கையோடு நான் வேட்டை அனுமதிப் பத்திரம் எடுத்தவன். கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகத்தில் வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலித்தவனுக்கு எழுத்துப் பரீட்சை, சுடும் பரீட்சை, பொலிஸ் அனுமதி, துவக்கைப் பூட்டிவைக்கும் இரும்புப் பெட்டிக்கான விதி எல்லாம் எம்மாத்திரம்? எந்தப் படிவம் எந்த மேசையில் எவ்வளவு காலம் தூங்கும் என்பதுகூட எனக்குத் தெரியும். இக்காஸ்ட் என்கிற ஊரில் ஒரு கலியாண வீட்டில் பழைய நண்பர் ஒருவர் என்னைக் காட்டிச் சொன்னார்: "நாங்கள் எல்லாரும் துவக்குக்குப் பயந்து இஞ்ச ஓடி வந்தனாங்கள். அண்ணை மட்டும் விண்ணப்பம் போட்டு ஒண்டு வாங்கியிருக்கிறார்."

பந்தி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிழையாக ஒன்றும் சொல்லவில்லையே?

ஆனால் ஸ்கோப்புக்கு அனுமதி தேவையில்லை. படிவம் இல்லை. காத்திருப்பு இல்லை. கடைக்குப் போனால் அன்றே கையோடு கொண்டுவரலாம். அங்கேதான் எனக்குச் சிக்கல்.

விடியற்காலையில் காட்டோரம் வரும் மான் கிட்டத்தில்தான் வரும். அதற்குக் குறைந்த உருப்பெருக்கம் போதும். காட்சி அகலமாக இருக்க வேண்டும், மங்கிய வெளிச்சத்திலும் தெரிய வேண்டும், கழுத்தை முறிக்காத எடையாக இருக்க வேண்டும். தூரத்து இலக்கோ வேறு உலகம். இலக்குத் தாள் மானைப் போல ஓடாது. அவசரம் இல்லை. நன்றாகப் பெரிதாக்கி, தூரத்துக்கு ஏற்பத் திருகைச் சுழற்றி, மூச்சை அடக்கிச் சுட வேண்டும். ஒன்றுக்கு நல்லது மற்றதற்குப் பாரம். மூன்று மடங்கில் தொடங்கிப் பதினெட்டு மடங்கு வரை போகிற ஒன்றை எடுத்தால் இரண்டையும் ஓரளவு சமாளிக்கலாம். இதில் ஒரு மர்மமும் இல்லை. பனி கரையும் முன்பே நான் முடிவெடுத்துவிட்டேன்.

பிறகு ஏன் வாங்கவில்லை?

என் மகள் ஆரணிக்காக.

ஆரணிக்கு வட நோர்வேயில் வேலை. விமானம் மாறி மாறிப் போக வேண்டிய ஊர். இங்கே கோல்டிங்கில் படித்த காலத்தில் ஒரு சுடும் சங்கத்தில் இருந்தாள். கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் நான்தான். திரும்பி வரும்போது, அன்று சுட்ட ஒவ்வொரு குண்டின் கதையையும் காரில் சொல்லிக்கொண்டே வருவாள். வீடு வந்த பிறகும் கதை முடியாமல் காருக்குள் இருந்திருக்கிறோம்.

இப்போது அம்மாவை ஃபோனில் அழைப்பாள். சாப்பிட்டாயா? ஓம். குளிரா? ஓம். எப்போது வருகிறாய்? அதற்கு டெனிஷில் ஒரு பதில் வரும். 'பார்ப்போம்' என்று பொருள். 'இல்லை' என்று எழுத மனம் வராதபோது கொம்யூனில் நானும் அதைத்தான் எழுதினேன்.

ஒருநாள் ஃபோன் என் கைக்கு வந்தது. பேச வேறொன்றும் அகப்படாமல், துவக்குக்கு ஸ்கோப் ஒன்று எடுக்க வேண்டும், எது நல்லது என்று கேட்டேன்.

ஒரு மணித்தியாலம் கதைத்தாள்.

அடுத்த ஞாயிறு அவளே அழைத்தாள் – நேராக என்னை. வழக்கம்போல டெனிஷில்தான். பாரலக்ஸ் என்று ஒரு சொல் வந்தது. விளங்கவில்லை, தமிழில் சொல்லு என்றேன். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"நீங்கள் தலையை ஆட்டினா, குறியும் ஆடும் அப்பா. அது ஆடாமல் இருக்கத்தான் பக்கத்தில அந்தத் திருகு."

பத்து வயதுக்குப் பிறகு என் மகள் தமிழில் இவ்வளவு நீளமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். டெனிஷில் முடிவுக் கடிதம் எழுதியே தலை நரைத்தவனுக்குப் பாரலக்ஸ் விளங்காதா? அவளுக்கும் தெரியும். ஆனாலும் சொன்னாள்.

அதன்பிறகு ஞாயிறுக்கு ஒரு சந்தேகம். பெரிதாக்கும்போது ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடும் சேர்ந்து பெரிதாக வேண்டுமா, கூடாதா? இந்த ஒன்றிலேயே இரண்டு ஞாயிறுகள் ஓடின. கண்ணாடி வட்டத்தின் அகலம், எடை, பூட்டும் வளையம்... சந்தேகத்துக்கும் சரக்கு வேண்டுமே! அதற்காகத்தான் கிழமை நாட்களில் லார்ஸின் கடைக்குப் போய்வந்தேன்.

என் மனைவி சாந்தி ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "என்னத்துக்கு இழுக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும். இழுங்கோ."

எங்கள் ஆட்களிடம் இது பொதுவான வியாதி. கோல்டிங்கில் எங்களவர் ஓட்டும் ஏழு இருக்கைக் கார்களைப் பாருங்கள். முன்னால் இரண்டு நரைத்த தலைகள், பின்னால் ஒரு மூட்டை அரிசி. கேட்டால், பிள்ளைகள் வந்தால் தேவைப்படும் என்பார்கள். நான் மட்டும் என்ன? மான் சுட மூன்று மடங்கு போதும். மிச்சப் பதினைந்தும் யாருக்கு?

லார்ஸ் கோப்பி தராத அந்த வாரக் கடைசியில் ஆரணி அழைத்தாள். மூன்றிலிருந்து பதினெட்டு, என் பிறந்தநாளுக்கு, இணையத்தில் ஓடர் பண்ணிவிட்டாளாம். வியாழக்கிழமை வருமாம். இனி நான் யோசிக்கத் தேவையில்லையாம். நன்றி சொன்னேன். அன்றைய அழைப்பு, அடுப்பில் வைத்த தேத்தண்ணி கொதிக்கும் முன்பே முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை பெட்டி வந்தது. நல்ல சாமான். துவக்கில் பூட்டாமல் வெறும் கையில் பிடித்து, மாடி யன்னலால் பார்த்தேன். பதினெட்டில் வைத்தால் எதிரே உள்ள கடற்குடாவின் அக்கரையில் நிற்கும் மரத்தின் கிளைகூடத் தெரிகிறது. நோர்வே தெரியவில்லை.

இந்த ஞாயிறு ஃபோன் வரவில்லை. ஏன் வர வேண்டும்? அலுவல்தான் முடிந்துவிட்டதே.

பின்னேரம்தான் நினைவுக்கு வந்தது. இந்த நாட்டில் இணையத்தில் வாங்கிய பொருளை, அது கைக்கு வந்த பதினான்கு நாட்களுக்குள் திருப்பிக் கொடுப்பதாக அறிவிக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த உரிமை வாங்கியவருக்கு மட்டும். அதாவது, ஆரணிக்கு. ஆகவே, விதிமுறைப்படி, நான் அவளை அழைத்தே ஆக வேண்டும்.

அழைத்தேன். சாமான் திறம்தான், ஆனால் குறிக்கோட்டின் வெளிச்சம் கொஞ்சம் கூடவோ என்று ஒரு சந்தேகம் என்றேன். மறுமுனையில் மூச்சுக் காற்றோடு ஒரு சிரிப்பு.

"அப்ப மாத்துவம் அப்பா" என்றாள், தமிழில். "ஆனா அவசரப்பட வேண்டாம். அடுத்த ஞாயிறு ஆறுதலாய்க் கதைச்சு முடிவெடுப்பம்."

நாட்காட்டியைப் பார்த்தேன். சட்டப்படி எங்களுக்கு இன்னும் ஒரு ஞாயிறு இருக்கிறது.