ரதி வேடத்திற்கு அழைக்கப்படாதவர்

லுணுகலையை அடுத்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில், எரிந்துபோன கணவன் காமனுக்காகப் புலம்பும் ரதியின் வேடம் ஆண்டுதோறும் புனைந்தவர் மாரிமுத்து. ஒரு தை மாதம் அவர் மனைவி காய்ச்சலால் இறந்தார். துக்க வீட்டாரைக் கூத்துக்கு அழைக்கும் வழக்கமில்லை. வேடம் வேறொருவர்க்குச் சென்றது.

ஒத்திகைத் தப்பொலி எழுந்த மாலை, லயத்து வரிசை வீடுகளில் அவரது கதவு திறந்து கிடந்தது. ஐயுற்றுத் தேடிய நானும் கங்காணியும் அவரை அருவிப் பாறையின் விளிம்பிற் கண்டோம்.

"அவளும் போயிட்டா. ஒருத்தரும் கூப்பிடலியே. எனக்கு இனி என்னங்க இருக்கு?" என்றார்.

கங்காணி, "தீட்டாவது மண்ணாவது! அங்க ஒருத்தன் சேலையக் கட்டிக்கிட்டுக் கழுதையாட்டம் கத்துறான். நீ வந்து அழுப்பா," என்றார்.

மாரிமுத்து இறங்கி வந்தார். அவ்வாண்டு ரதியின் புலம்பலில் நடிப்பென்று எதுவுமில்லை.

இப்பொழுதெல்லாம் கூத்துக்கு அழைக்கும் பொறுப்பு என்னுடையது; முதல் அழைப்பைத் துக்க வீட்டிற்கே கொண்டு செல்கிறேன். வர மறுப்பவரோடு சற்று அமர்ந்திருந்தே மீள்கிறேன்.