நாள் பார்த்துக் கொடுத்தவர்

கும்பகோணத்திலிருந்து கடல் தாண்டி இந்தத் தீவுக்கு வந்த குருமூர்த்தி குருக்களுக்கு ஒரு பெருமை உண்டு. சாந்த் குருவா வட்டாரத்தில் கல்யாணமோ புதுக் காரோ, அவரிடம் நாள் பார்க்காமல் யாரும் அடியெடுத்து வைக்கமாட்டார்கள். பஞ்சாங்கத்தை விரித்துவிட்டால் மனிதருக்குத் தலைகால் புரியாது.

1991-இல் கனகமும் கணவனின் பயணத்துக்கு நாள் பார்க்க வந்தாள். தீவின் நடுவே பீனிக்ஸ் ஊரில் ஒரு துணி ஆலையில் சட்டைக்குக் கை தைக்கிறவள். அவள் கணவன் நீலமேகம் சுற்றுலாக்காரர்களுக்கு டாக்சி ஓட்டுகிறவன்; ஒரு சிநேகிதனோடு கங்கோத்ரி போக வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தான்.

"மகாளய பட்சம் நடக்கறது. இப்பக் கிளம்பப்படாது. அமாவாசை கழியட்டும்" என்றார் குருக்கள். பயணம் தள்ளிப்போனது. அமாவாசை கழிந்துதான் இருவரும் கிளம்பினார்கள்.

தள்ளிப்போகாமல் இருந்திருந்தால் அவன் வீடு திரும்பியிருக்க வேண்டிய நாளில், உத்தரகாசிப் பக்கம் பூகம்பம் என்று வானொலி சொன்னது.

குருக்கள் தெரிந்த தமிழாசிரியர் பாலசுப்பிரமணியத்திடம் ஓடினார்.

"நம்ம இந்தியா இருக்கே, அது வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டிக்கிட்டே இருக்கு. இமயமலையே அப்படி எழுந்ததுதான். அடியில பாறை தாங்க முடியாம உடையறப்போ நிலம் குலுங்குது" என்றார் ஆசிரியர்.

"எப்போன்னு முன்கூட்டித் தெரியாதோ?"

"யாருக்கும் தெரியாது."

ஊருக்கெல்லாம் நாள் சொன்ன மனிதர் கோயிலுக்குத் திரும்பி நடந்தார்.

நீலமேகத்திடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கனகம் வேலை முடிந்து தினமும் கோயிலுக்கு அர்ச்சனைத் தட்டோடு வந்தாள். குருக்கள் இந்தியாக்காரர், ஒரு போன் போட்டால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார் என்று நம்பினாள். இந்தச் சின்னத் தீவில், குட்லண்ட்ஸ் ஊரில் யாரையாவது தேட வேண்டுமென்றால் கடைக்காரரைக் கேட்டால் போதும். இந்தியாவும் அப்படித்தான் என்று அவள் நினைப்பு. அவரோ கும்பகோணத்துக்கு வடக்கே சென்னையைத் தாண்டியதில்லை, இந்தியும் தெரியாது. கும்பகோணத்தில் இருந்த தம்பிக்குப் போன் போட்டார். அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"பா கோனே" என்றார் அவளிடம். தெரியாது என்பதற்கு அவர் கற்றிருந்த உள்ளூர்க் கிரியோல் பேச்சு அதுதான்.

"சாமி, நீங்க நாள் பார்த்து குடுத்தது. அவருக்கு ஒன்னும் ஆகாது" என்று அவளே அவரைத் தேற்றினாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நான் தள்ளிப்போட்டதால்தானம்மா என்று சொல்ல வாயெடுப்பார், தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். அர்ச்சனையில் பெயர் சொல்வது உயிரோடிருப்பவர்களுக்குத்தான். நீலமேகம், ரோகிணி நட்சத்திரம் என்று தினமும் உரக்கச் சொல்லித் தீபாராதனை காட்டினார். அவரால் முடிந்தது அவ்வளவே.

கார்த்திகையில் சிநேகிதன் மட்டும் கட்டுப்போட்ட கையோடு திரும்பினான். அவர்கள் தங்கிய விடுதிமேல் மலை சரிந்துவிட்டதாம். நீலமேகத்தின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

மறுநாளும் கனகம் தட்டோடு வந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது. ஆனால் கணவன் பெயரைச் சொல்லவில்லை.

"சாமி பேருக்கே பண்ணுங்க" என்றாள்.

குருக்கள் தலையாட்டிவிட்டு உள்ளே திரும்பினார். மந்திரம் தொடங்கியதும் பழகிய நாக்கு, "நீலமேகம், ரோகிணி நட்சத்திரம்" என்று சொல்லிவிட்டது.

கனகம் அவரைத் தடுக்கவில்லை.