இடது கையைத் தூக்கினால்

கணபதி என்கிற பகுதியில் எனக்கு ஒரு லேத் பட்டறை. நாள் முழுக்க இரும்பில் ஓட்டை போடுகிறவன் நான். பல் டாக்டர் என்றால் மட்டும் தொடைநடுங்கி. "ஏனுங்க, இரும்பைத் துளைக்கறவருக்குப் பல்லுல ஓட்டையை அடைக்க இத்தனை பயமா?" என்று மனைவி சிரிப்பாள். சிரிக்கட்டும். பத்து வயதில் ஊசி மருந்து வேலை செய்யும் முன்பே எனக்குப் பல்லைப் பிடுங்கினார்கள். கம்பவுண்டர் தலையை அமுக்கிப் பிடித்திருந்தார். நான் கத்தியதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. அன்று ஓடியவன்தான், நாற்பது வருடம் அந்தப் பக்கமே போகவில்லை.

போன வருடம் கடைவாய்ப் பல் சொத்தையாகி, சோறு மெல்லவே முடியாமல் போனது. வேறு வழியில்லாமல் பல் டாக்டரிடம் போனேன். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான். இன்னும் தள்ளிப்போட்டால் பிடுங்க வேண்டியதுதான் என்றார். எனக்கு வியர்த்துக் கொட்டியதைப் பார்த்துவிட்டு, "கொஞ்சங்கொஞ்சமா பழகிக்கலாங்க. எப்ப வேண்டாம்னு தோணுதோ, இடது கையைத் தூக்குங்க. உடனே நிறுத்திருவேன்" என்றார்.

முதல் வாரம் அந்த நாற்காலியில் சும்மா உட்கார்ந்தேன். அடுத்த வாரம் வாய்க்குள் கண்ணாடி. மூன்றாவது வாரம் டிரில்லை வாய்க்கு வெளியே ஓடவிட்டார். உயிரே போனது. ஆனாலும் கையைத் தூக்கவில்லை. பயம் ஒரு பொட்டுகூடக் குறையவும் இல்லை.

"ஏனுங்க தூக்கல?" என்றார், என் சட்டை நனைந்திருந்ததைப் பார்த்து.

"நீங்க வேலையா இருக்கறப்ப எப்படிங்க நிறுத்தச் சொல்றது? மரியாதையா இருக்காதுங்களே."

தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். "இன்னைக்குப் பல்லைத் தொடப்போறதில்லைங்க. பத்துத் தடவை என்னை நிறுத்துங்க" என்றார். டிரில் ஓடும், நான் கையைத் தூக்குவேன், நிற்கும். முதல் தடவை, "மன்னிச்சுக்கங்க" என்றேன். ஏழாவது தடவை சொல்லவில்லை. பத்தாவது முடிந்தபோது சட்டை காய்ந்திருந்தது.

அடுத்த வாரம் ஊசி போட்டு, மரத்துவிட்டதா என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, நிஜமாகவே துளைத்தார். பாதியில் கையைத் தூக்கினேன். அந்த நொடியே நின்றது.

"வலிக்குதுங்களா?"

"இல்லீங்க," மரத்த வாயால் குழறினேன். "நிக்குதான்னு பார்த்தனுங்க."

அவர் சிரிக்கவில்லை. "எத்தனை தடவை வேணும்னாலும் பார்த்துக்கங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பல்லை அடைத்து முடிக்கும்வரை அப்புறம் நான் கையைத் தூக்கவில்லை. தேவைப்படவில்லை.