கைவிரல் எலும்பில் தெரிந்த கறுப்புக் கோடு

அது 1992. நாங்கள் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில், கொக்குவிலில் இருந்தோம். எனக்குப் பதினாறு வயது நெருங்கிக்கொண்டிருந்தது, இன்னும் வயதுக்கு வந்து பெரியபிள்ளையாகவில்லை. வகுப்பில் ஆகக் குட்டை நான்தான். போதாக்குறைக்கு என் தங்கை எனக்கு முந்திச் சாமத்தியப்பட்டுவிட்டாள். அவளுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் கொடுத்தபோது, எலும்புக்கு நல்லது என்று அம்மா எனக்கும் சேர்த்துத் தந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை.

மூத்தவள் இருக்க இளையவளுக்குச் சாமத்தியத் தண்ணீர் வார்த்தால் ஊர் சும்மா விடுமா? கண்டவர்கள் எல்லாம் விசாரித்தார்கள். அம்மா கோயிலுக்குப் போவதைக்கூடக் குறைத்துக்கொண்டார். எனக்கு அதுதான் பெரிய கவலை.

ஒருநாள் அம்மாவின் சிநேகிதி, தான் பாவிக்கும் கர்ப்பத்தடைக் குளிசையில் ஓர் அட்டையைக் கொடுத்து, இதைக் குடித்தால் தீட்டுத் தானாக வரும் என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்குப் போன உயிர் வந்தமாதிரி. குளிசையையும் தண்ணீரையும் நீட்டினார். எனக்கோ எதற்கும் காரணம் தெரியவேண்டும். இத்துணூண்டு குளிசை உடம்புக்குள் போய் என்னதான் செய்யும்? அதைச் சொன்னால்தான் விழுங்குவேன் என்று அடம்பிடித்தேன்.

“உனக்கு வாய் மட்டும்தான் வளந்திருக்கு,” என்று அம்மா ஏசினார். ஆனால் அவருக்கும் உள்ளூரப் பயம் இருந்திருக்க வேண்டும். மறுநாள் என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் டாக்டரிடம் போனார்.

டாக்டர் என் கையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இந்த விஷயத்துக்குக் கை எதற்கு என்று எனக்கு ஒரே ஆச்சரியம். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, விரல் எலும்புகளின் நுனியில் மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரிந்தன. எலும்பெல்லாம் வெடித்துவிட்டதென்று பயந்துபோனேன்.

“இது வெடிப்பில்லைப் பிள்ளை. நீ வளருற இடம்,” என்றார் டாக்டர்.

பெண்ணைப் பெரியபிள்ளையாக்கும் ஹோர்மோன்தான் கடைசியில் அந்தக் கோடுகளை எலும்பாக்கி மூடி, வளர்த்தியை நிறுத்துகிறதாம். உடம்பு தன் நேரத்தில் அதைச் சுரந்தால், முதலில் உயரவிட்டுத்தான் மூடும். குளிசையில் இருப்பதும் அதைப் போன்றதுதான். இப்போதே குடித்தால் வளர முன்னரே மூடிவிடக்கூடும். இவளுக்கு வேறு குறை ஒன்றுமில்லை, எலும்பு இன்னும் சின்னப்பிள்ளை, பொறுத்திருங்கள் என்றார்.

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. “அப்ப, கேக்கிற சனத்துக்கு நான் என்ன சொல்லுறது?”

“வளருறாள் எண்டு சொல்லுங்கோ.”

அம்மா அதையேதான் சொன்னார். முகத்துக்கு நேரே சிரித்தவர்களிடமும் சொன்னார். அந்த அட்டை என்னவானதென்று எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் எனக்கும் தண்ணீர் வார்த்தார்கள். தங்கையை எட்டிப்பிடித்து, அம்மாவையும் தாண்டிய பிறகுதான் என் வளர்த்தி நின்றது.

அம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அதே ஹோர்மோன் வற்றிப்போனதில் எலும்பு மெலிந்து, முதுகு வளைந்து, என் தோளுக்கும் கீழே வந்துவிட்டார். அவரைப் பிடித்து மெல்ல நடத்திப் போகும்போது நினைப்பேன்: ஒரு வருடம் முழுவதும் ஊரின் முன்னால் தலைகுனியாமல் நின்று, என்னை வளரவிட்டவர் இவர்தான்.