வாய்ப்பாட்டு ராணி

என் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு வேலை உண்டு. யாரும் சீண்டாத பழைய கணினி விளையாட்டுகளைத் தேடிப் பிடித்து, தான் ஆடுவதை லைவில் காட்டுவாள். நாற்பது ஐம்பது பேர் பார்ப்பார்கள். திரையின் ஓரத்தில் கேலியும் கிண்டலுமாக எழுதித் தள்ளுவார்கள். அந்த ஞாயிறு அவள் எடுத்துக்கொண்டது, அவள் பிறப்பதற்கு முன் பிள்ளைகளுக்காக நான் செய்த 'வாய்ப்பாட்டு ராணி'. பரணில் ஏறி சிடியை எடுத்துக் கொடுத்ததே நான்தான். ஆசை யாரை விட்டது?

செம்பூர் வீட்டு ஹாலில் அவளுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். திரையில் ராணி வந்தாள். பச்சைப் பட்டுப்புடவை, தலையைவிடப் பெரிய கிரீடம், ஒரு கண் சின்னது, ஒரு கண் பெரியது. வரைந்தது நான். சரியான விடை சொன்னால் யானை வந்து அரண்மனைக் கதவைத் திறக்கும். பதினாறு வாய்ப்பாட்டுக்குப் பதினாறு கதவு. தப்பாகச் சொன்னால் ராணி திட்டுவாள்.

"இதுதான் விடையா? யார் சொன்னா உனக்கு? அவாளையும் கூட்டிண்டு வா, ரெண்டு பேரும் சேர்ந்து முட்டி போடுங்கோ!"

ஓரத்தில் எழுத்துகள் மளமளவென்று ஏறின. யானையைப் பார்த்து எருமையா என்று ஒருவன் கேட்டான். நான் போட்ட இசையை, கார் ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் என்றாள் ஒருத்தி. ராணியை மட்டும் எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். தமிழ் தெரியாத ஒருவன் திட்டுக்கு அர்த்தம் கேட்டான். மகள் இந்தியில் சொன்னதும், தன் அம்மாவே வந்து பேசுவதுபோல் இருக்கிறது என்று எழுதினான். ஆறாம் வாய்ப்பாட்டில் ராணியின் பேச்சுக்கு நடுவே குக்கர் விசில் கேட்டது. கூட்டமே விசிலை எண்ண ஆரம்பித்தது. திட்டுக் கேட்பதற்காகவே மகளைத் தப்பாக ஆடச் சொன்னார்கள்.

அந்தக் குரல் என் அக்காவுடையது. மாட்டுங்கா வீட்டுச் சமையலறையில், ஃபேனை நிறுத்திவிட்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பதிவு செய்தோம். நான் எழுதிக் கொடுத்தது 'தவறு, மீண்டும் முயல்க' என்று ஒரே வரி. "இதக் கேட்டா கொழந்தை தூங்கிடும்டா" என்று அந்தக் காகிதத்தை ஓரமாக வைத்தாள். வியர்த்து வழிய வழிய அத்தனை திட்டுகளையும் அவளே சொன்னாள். ஆக, இவர்கள் கொண்டாடியதில் என்னுடையது எதுவும் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

"அப்பா, அத்தையும் முலுண்ட்லேந்து பாத்துண்டிருக்கா. லிங்க் அனுப்பிருக்கேன்," என்றாள் மகள்.

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. பதினாறாவது கதவு திறந்தால் செய்தவர்களின் பட்டியல் ஓடும். ஆக்கம், படம், இசை, குரல் என்று நான்கு வரி. நான்கிலும் என் பெயர். ஒற்றை ஆளாகச் செய்தான் என்று ஆபீஸில் பேர் வாங்க வேண்டும் என்பதற்காக அக்காவின் பெயரை விட்டேன். மறதி இல்லை, தெரிந்தேதான் விட்டேன். அவளும் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. கணக்கு என்றாலே ஓடுகிறவள், கடைசிவரை ஆடியிருக்கமாட்டாள், பார்த்திருக்கமாட்டாள் என்று இத்தனை வருஷமாக என்னை நானே சமாதானம் செய்துகொண்டிருந்தேன்.

ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடந்தேன். மெயின் சுவிட்ச் பக்கத்தில் போய் ஒரு நிமிஷம் நின்றேன். கை போகவில்லை.

"எதுக்கு இப்படிக் குட்டி போட்ட பூனையாட்டம் அலையறேள்?" என்றாள் மனைவி.

"பதினாறு பதினாறு எவ்ளோப்பா? கடைசிக் கதவு, ஜல்தி!" என்று மகள் கத்தினாள்.

"எரநூத்தி நாப்பத்தாறு," என்றேன்.

"கை விரலாவது விட்டு எண்ணினியா, அதுவும் இல்லையா?" என்று அக்காவின் குரல் என்னைத் திட்டியது. கூட்டத்துக்கு ஒரே கொண்டாட்டம். கணக்கு விளையாட்டு செய்த அங்கிளுக்கே கணக்கு வரவில்லை என்றார்கள். அதற்குள் எவனோ ஒரு புண்ணியவான் இருநூற்றைம்பத்தாறு என்று எழுத, மகள் அதைத் தட்ட, யானை கதவைத் திறந்துவிட்டது.

பட்டியல் வந்தது. மகள் படத்தை அப்படியே நிறுத்தினாள்.

"அரே, எல்லாம் தமிழ்ல இருக்கே! அப்பா, நீ படி. ராணி யாருன்னு எல்லாரும் கேக்கறா."

அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. அவளுடைய கூட்டமும் அப்படித்தான். எனக்கு வழி கிடைத்துவிட்டது. முதல் மூன்று வரியை இருக்கிறபடி படித்தேன். நான்காவது வரியில் என் பெயரைப் பார்த்துக்கொண்டே, குரல் என்று சொல்லி அக்காவின் பெயரைச் சொன்னேன்.

"அத்தையா!" என்று மகள் துள்ளினாள். திரையில் கைதட்டல்கள் கொட்டின. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

கைதட்டல்களுக்கு நடுவே தமிழில் ஒரு வரி வந்தது.

"இது அத்தைதான். என்ன எழுதிருக்கா, படிப்பா," என்றாள் மகள்.

"அங்க அப்படி இல்லையேடா. இருக்கறதப் படி," என்று அக்கா எழுதியிருந்தாள்.

அதைச் சத்தமாகப் படித்தேன். பிறகு நான்கு வரியையும் உள்ளபடி படித்தேன். "குரலும் நான்னு போட்டுண்டேன், அது பொய். அக்கா பேரை வேணும்னே விட்டேன்," என்றேன். மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு லைவை நிறுத்தினாள்.

சற்று நேரத்தில் அக்கா போன் செய்தாள். கோபமாகப் பேசுவாள் என்று காத்திருந்தேன். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள்.

"நீ சிடி கொடுத்தப்போ, கடைசில அந்த எழுத்தெல்லாம் வேகமா ஓடிடுத்துடா. என் பேரு இருந்திருக்கும், நான்தான் சரியாப் பாக்கலைன்னு நெனச்சுண்டு, மூணு தடவை பதினாறு வாய்ப்பாடும் போட்டேன்."