அம்மாவை மாங்கேணிக்கு ஏற்றிப்போன பைக்

பல்லைக் கடித்தால் மண் கரகரக்கும்... அப்படிப் புழுதி பறக்கும் அந்த ரோட்டில்.

சண்டை முடிந்த வருடம். வாழைச்சேனையிலிருந்து வாகரைப் பக்கம் போகிற ரோட்டில் தார் எப்போதோ கழன்றுவிட்டது. ஷெல் விழுந்த பள்ளங்களைச் சும்மா மண் போட்டு மூடியிருந்தார்கள்.

ஒருநாள் மீன் வியாபாரி ஒருவர் வந்து, பெரியம்மா மாங்கேணிக்குத் திரும்பிவிட்டார், தன் பழைய வீட்டு வளவிலேயே தகரக் கொட்டில் போட்டு இருக்கிறார் என்றார். அம்மாவின் ஒரே அக்கா. சண்டைக்குள் திருகோணமலைப் பக்கம் போனார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். இருக்கிறாரா இல்லையா என்று கேட்கவே பயந்துகொண்டிருந்தோம். முழங்கால் வீங்கிப் போனதால் அவரால் எங்களிடம் வர முடியாதாம்.

அம்மா அப்போதே சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

சிக்கல், அம்மாவின் முதுகு. சுனாமியன்று கல்குடாவில் அலை அவரைத் தூக்கிக் கிணற்றுக் கட்டில் அடித்திருந்தது. உயிர் தப்பியதே பெரிது. ஆனால் பலமான குலுக்கல் பட்டால் மறுபடியும் படுக்கைதான் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஒருமுறை பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போய் வந்து, பல நாள் எழும்பவே இல்லை. ஆட்டோ அதைவிட மோசம். சின்னச் சில்லு, பள்ளத்துக்குள் முழுசாக விழுந்து எழும்பும். வேன்காரர்கள் அந்த ரோட்டுக்கு வரவே மாட்டோம் என்றார்கள்.

என்னிடம் ஒரு பெரிய பைக் இருந்தது. சுனாமி நிவாரண வேலைக்கு வந்த ஒரு நிறுவனம் போகும்போது விற்ற வண்டி. தூர ஓட்டத்துக்கென்றே செய்தது. நீளமான செசிச் சட்டம், பெரிய சில்லு, முன் சில்லைப் பிடிக்கிற நீண்ட ஃபோர்க். ஆனால் நான் வாங்கிய நாளிலிருந்து பின்பக்கம் கல்லு மாதிரி இருந்தது.

முதலில் என் மனைவி ரஞ்சியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ரயில் பாதையோரக் கிரவல் ரோட்டில் ஓடிப் பார்த்தேன்.

இறங்கி இடுப்பைப் பிடித்தபடி சொன்னாள்: "மாமிய இதுல ஏத்தினா நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்."

கழற்றிப் பார்த்தபோதுதான் விளங்கியது. இரண்டு ஆள், பெட்டி பெட்டியாகச் சாமான் என்று ஏற்றுவதற்காக நிறுவனத்துக்காரர் பின் ஸ்பிரிங்கை இறுக்கி வைத்திருந்தார்கள். அம்மாவோ கோழிக்குஞ்சு பாரம். அந்தப் பாரத்துக்கு ஸ்பிரிங் அசையவே அசையாது. இளக்கினேன். இளக்கியதும் வண்டி தோணி மாதிரி ஆடத் தொடங்கியது. பின் சில்லைச் செசியோடு பிடித்திருக்கிற கையின் மூட்டில் இருக்கிற புஷ் வளையம் தேய்ந்திருந்தது. இறுக்கமான ஸ்பிரிங் இவ்வளவு நாளும் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. புஷ் மாற்றினேன். குலுக்கலைத் தாங்குகிற ஷொக்குக்குள் ஒயில் வற்றிப்போய், அமுங்கின வேகத்திலேயே துள்ளி எறிந்தது. அதையும் சரிபண்ணினேன்.

ரஞ்சி ஒவ்வொரு தரமும் முகம் சுளிக்காமல் ஏறினாள். கடைசியாக ஒன்று கண்டுபிடித்ததும் அவள்தான்.

"பின்னுக்கு இரிந்தா தூக்கிப் போடுது. உங்களோட ஒட்டி முன்னுக்கு இரிந்தா ஒண்டும் தெரியல்ல."

உண்மைதான். பின் சில்லுக்கு நேர் மேலே இருப்பவருக்கு அடி முழுசாக வரும். இரண்டு சில்லுக்கும் நடுவே வந்தால் பாதிதான். பின் கரியரையே கழற்றினேன். பெரியம்மாவுக்குக் கொண்டுபோன அரிசிப் பையை டாங்கின் மேல் கட்டினேன். அம்மாவை எனக்குப் பின்னால் நெருக்கி இருத்தி, ரஞ்சி ஒரு தலையணையும் வைத்தாள்.

காலையிலேயே வெளிக்கிட்டோம். செக் பொயின்ற்றில் ஆமிக்காரர் எங்களை இறக்கி நடக்கவிட்டார்கள். அம்மா நடந்து வந்து மறுபடி ஏறினார்.

காயான்கேணி தாண்டி ஒரு உடைந்த மதகு. முன்னால் வந்த மாட்டுக்கு விலத்தப்போய், பள்ளத்தைக் கண்டபோது பிரேக் பிடிக்க நேரமில்லை. முன் சில்லு விழுந்தது... ஃபோர்க் கடைசிவரை அமுங்கியது. பின் சில்லும் விழுந்தது. வண்டி ஒருமுறை அமுங்கி, மெதுவாக மேலே வந்து, நேராக ஓடியது.

ஓரமாக நிறுத்தினேன்.

"அம்மா... நோகுதா?"

"இல்ல மனே. ஏன் நிப்பாட்டின?"

"பள்ளத்துல விழுந்தமே..."

"அப்பிடியா? நான் கடலப் பாத்துக்கிட்டு வந்தன். நீ ஓடு. அக்கா பாத்துக்கிட்டு இரிப்பா."

தண்ணீர் குடிக்கிற சாட்டில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

மாங்கேணியில் அம்மா தானாகவே இறங்கினார். பெரியம்மா கொட்டில் வாசலில் காலை நீட்டியபடி இருந்தார். ஓலமிட்டு அழுவார்கள் என்று நினைத்தேன். இல்லை. அம்மா போய்ப் பக்கத்தில் இருந்து, வீங்கின முழங்காலில் கையை வைத்தார்.

பெரியம்மா அந்தக் கையையே பார்த்தார். பிறகு, "திண்டியாடி?" என்று கேட்டார்.

அன்று இரண்டு பேரும் ஒரே சோற்றுக் கோப்பையில்தான் சாப்பிட்டார்கள்.

இப்போது அந்த ரோடு வழுவழுவென்று காபெட் தார் போட்ட ரோடு. அம்மாவின் முதுகும் எவ்வளவோ தேறிவிட்டது. நினைத்த நேரம் பஸ்ஸேறித் தனியாக மாங்கேணிக்குப் போகிறார். நானும் பைக்கை மாற்றிவிட்டேன். புது வண்டியில் ஷொக் வேலை செய்கிறதா என்பதே தெரிவதில்லை... அதற்கு வேலையும் இல்லை.

போன கிழமை அம்மாவைப் பழையபடி பைக்கில் ஏற்றி வரலாம் என்று நானாகவே போனேன். அக்காவும் தங்கையும் முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வெயிலுக்குள்ள என்னத்துக்கு மனே வந்த? நான் நாளைக்கு பஸ்ஸுல வருவன்தானே" என்றார் அம்மா.

சும்மாதான் வந்தேன் என்றேன். சாப்பிட்டுவிட்டுத் தனியாகவே திரும்பி வந்தேன்.