பொறந்த ஊட்டுப் புல்லும் புகுந்த ஊட்டுப் புல்லும்

ராசாத்தாள் பிறந்தது அன்னூர்ப் பக்கம், வாழ்க்கைப்பட்டது கிணத்துக்கடவில். நடுவில் கோயம்புத்தூரே கிடக்கிறது. அவ்வளவு பெரிய ஊர் நடுவில் இருந்தும் அவள் அண்ணன் பாலகோபாலும் புருஷன் சென்னிமலையும் ஒருத்தரை ஒருத்தர் சீண்டாமல் இருந்ததில்லை. எந்த ஊர் மண் உசத்தி என்பதுதான் சண்டை. இத்தனை வருஷமும் அது வெறும் வாய்ச்சண்டையாகத்தான் இருந்தது. போன ஆனியில் இனியா வந்துதான் அதற்கு ஓர் அளவுகோலைக் கையில் கொடுத்தாள்.

இனியா வேளாண்மை ஆராய்ச்சி படிக்கிற பெண். முட்டைக்கோழி எருவை மேய்ச்சல் புல்லுக்குப் போட்டால், அதிலிருக்கும் தழைச்சத்து எந்த வட்டாரத்தில் எவ்வளவு புல்லுக்கு ஏறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அவள் வேலை. ஒரே பண்ணை எரு, ஒரே கொழுக்கட்டைப் புல், இரண்டு ஊர். ஊருக்கு இரண்டு பாத்தி. ஒன்றுக்கு அளந்து எரு, இன்னொன்றுக்கு எருவே கிடையாது, பட்டினி. இடம் தேடி வெயிலில் அலைந்தவளை உட்கார வைத்துச் சோறு போட்டு, எங்கள் காடு தோட்டமும் இருக்கிறது, எங்கண்ணன் காடும் இருக்கிறது என்று வாய் கொடுத்தவள் ராசாத்தாள்தான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாள்.

ஆராய்ச்சியாவது ஒண்ணாவது! ஆம்பிளைகள் இருவருக்கும் அது ஊர் மானமாகிவிட்டது. சென்னிமலை பல் விளக்குவதற்கு முன்னால் பாத்தியைப் போய்ப் பார்த்தார். அன்னூரில் பாலகோபால் புல்லுக்குப் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டார்.

முதல் அறுப்பில் கிணத்துக்கடவுப் புல் முந்திவிட்டது. இந்தப் பக்கம் மழை கூடுதல், அவ்வளவுதான் என்றாள் இனியா. யார் காதில் ஏறியது? சென்னிமலை மச்சானுக்குப் போன் போட்டு, உங்கள் மண்ணில் எருவைக் கொட்டுவதும் தார் ரோட்டில் கொட்டுவதும் ஒன்று என்று சொல்லிச் சிரித்துவிட்டார். பாலகோபால் போனை வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் தங்கச்சிக்குப் போன் வந்தது.

"அம்மணி, அடுத்த அறுப்புலயும் என்ற புல்லு தோத்துதுன்னா உன்ற ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். கல்யாணத்துக்கு வேற ஆளைப் பாத்துக்க."

வேறு ஆள் பார்க்க அதென்ன சமையல்காரர் வேலையா? தையில் மகள் ரித்திகாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் வந்து நின்று சீர் செய்யாமல் பெண் மணவறை ஏறுவதெப்படி? ரித்திகாவுக்கு இருப்பதோ ஒரே மாமன். அன்னூர் தோற்றால் அண்ணன் வரமாட்டார். கிணத்துக்கடவு தோற்றால், வந்த அண்ணனைப் புருஷன் பந்தியிலேயே ஏதாவது சொல்லி எழுப்பிவிடுவார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இரண்டு புல்லும் சமமாக வந்தால்தான் கல்யாணம் கல்யாணமாக நடக்கும் என்று ராசாத்தாளுக்குப் பட்டது.

சரி, சமமாக்கிவிடுவோம் என்று கிளம்பிவிட்டாள். ஜவுளிக்கடைக் கட்டைப்பை நிறையக் கோழி எருவைத் திணித்து, மேலே ஒரு சேலையை மடித்து வைத்து பஸ் ஏறினாள். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கருவாடா என்று கேட்டார். ஆமாம் என்றாள். சுற்றியிருந்த சீட்டெல்லாம் காலியாகிவிட, அன்னூர் வரை காலை நீட்டிக்கொண்டு சொகுசாகப் போனாள். மத்தியானம் அண்ணன் சாப்பிட உள்ளே போன நேரம் பார்த்துப் பையை அவருடைய எருப் பாத்தியில் கவிழ்த்தாள். திரும்பி வரும்போது வேறு கவலை பிடித்துக்கொண்டது. அண்ணன் புல் முந்திவிட்டால்? வீட்டுக்கு வந்ததும் புருஷன் பாத்தியிலும் ஒரு பை கொட்டினாள். இதே யோசனை அந்த இரண்டு பேருக்கும் வந்திருக்கும் என்று அந்த மகராசிக்குத் தோன்றவில்லை.

பச்சைக் கோழி எரு நெருப்பு. அளவு மீறினால் வேரையே பொசுக்கிவிடும். அடுத்த அறுப்புக்கு இனியா வந்தபோது இரண்டு ஊரிலும் எருப் போட்ட பாத்தி தீய்ந்து கருகிக் கிடந்தது. பட்டினி போட்ட பாத்தி மட்டும் பச்சென்று நின்றது. பாவம், அந்தப் பெண்ணின் இத்தனை மாச உழைப்பு போயிற்று. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டு பேரையும் கிணத்துக்கடவுக் காட்டுக்கு வரச் சொன்னாள். தானும் தோற்கவில்லை, மாப்பிள்ளையும் ஜெயிக்கவில்லை என்பதால் பாலகோபால் வந்தார். ஆனால் வீட்டுக்குள் காலெடுத்து வைக்காமல் நேராகக் காட்டுக்குப் போனார்.

கூடுதலாக எரு போட்டது யார் என்று இனியா கேட்டாள். ஒரு பிடிகூடப் போடவில்லை என்று இரண்டு பேரும் சாமி பேரில் சத்தியம் செய்தார்கள். அப்படியானால் இரண்டு காட்டுக்கும் போய் வந்தது யார் என்று கேட்டாள். இரண்டு தலையும் மெல்ல ராசாத்தாள் பக்கம் திரும்பின.

"அவ கை அப்படித்தானுங்க மச்சான்" என்றார் சென்னிமலை. "கொழம்புக்கு உப்பே அள்ளித்தான் போடுவா."

"சின்னதுலிருந்தே அப்படித்தானுங்க மாப்ள" என்றார் பாலகோபால்.

காட்டுக்கு ஒரு பைதான் போட்டேன் என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மாப்ள என்று அண்ணன் கூப்பிட்டு எத்தனை மாசம்! மீதி எருவை இரண்டு பேர் தலையிலும் கொட்டலாம் போல ஆத்திரம் வந்தது. அதைவிடப் பெரிசாகச் சந்தோஷம் வந்தது.

"நாந்தானுங்க. மூட்டை மூட்டையாக் கொட்டிப்போட்டேன்."

பிறகென்ன, அவளைத் திட்டிக்கொண்டே இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்கு நடந்தார்கள். கல்யாணத்துக்கு எத்தனை நாள் முன்னால் வரவேண்டும் என்று பாலகோபால் கேட்பது வரப்பு வரைக்கும் கேட்டது. வாசப்படியை அவர் தாண்டினது அவருக்கே தெரியவில்லை.

இனியா மட்டும் பாத்தியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீங்க டிராக்டர் ஓட்டுவீங்களா? இங்கயும் டயர் தடம் இருக்குதுங்க, அன்னூர்லயும் இருக்குதுங்க."

ராசாத்தாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினாள். தடத்தின் மேல் மண்ணைக் காலால் தள்ளி மூடினாள்.

"தை முடியற வரைக்கும் ஓட்டுவேன் கண்ணு" என்றாள்.